ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆள் கூடுதல்

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் ஒரு துண்டைப் போர்த்தி, கொஞ்ச நேரம் பேசவிட்டு, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்புவது வழக்கம். நானும் பொட்டலத்தை நம்பித்தான் போனேன். உள்ளே திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘வளரிளம் பருவத்தினரின் அடையாளமும் தன்மதிப்பும்’ என்று தலைப்பு. வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் அம்புக்குறிகள், நடுவில் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளியில் கண்ணாடி பார்த்துச் சிரித்தால் முதுகில் ஒன்று விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் நிவேதா என்கிற இளம் ஆசிரியை எழுந்தாள். “மிஸ், உங்க காலத்துல பசங்களோட செல்ஃப் எஸ்டீமுக்கு இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டாள். எங்கள் காலத்தில் கரண்ட் இருந்ததா என்று விசாரிப்பதுபோல் குரலில் ஒரு கருணை இருந்தது.

“வகுப்புல எழுந்து நிக்க வைப்போம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பொட்டல நேரம் நெருங்கிவிட்டதால் அன்று அதைச் சொல்ல முடியவில்லை. நிவேதா விடாமல் போன் செய்து, “மிஸ், எழுதியாவது குடுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் களமருதூர் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்து என்னைப் படிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார்; எனக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்ததும் அந்த ஆர்மோனியச் சந்தோஷத்தில்தான். பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதவும், சார்ட் ஒட்டவும், பாடக்குறிப்பு தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிற பதினாலு வயதுப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வாடா, போடி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

முதல் வேலை வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே உறவுகள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். ஜன்னலைச் சாத்தினால் கரும்பு லாரி போகிற சத்தம் மட்டும் கேட்கும். அறிவியல் பாடமும், ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை பொறுப்பும் என் தலையில் விழுந்தன.

அங்கே தலைமையாசிரியர் கோதண்டம் சார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, பழுப்பேறிய வேட்டி, பெல் இல்லாத சைக்கிள். பெல் இல்லாத குறைக்கு வாயாலேயே “வரேங்க, வரேங்க” என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வட்டாரத்தில் அப்போது வேறு எந்த வாத்தியாரிடமும் நான் பார்க்காத வழக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் அவர் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். “முருகேசன், சட்டைப் பித்தான் எங்கங்க?” “பச்சையம்மா, ஏங்க அழுவறீங்க?”

புதிதாக வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு வாரம் கேட்ட பிறகு, நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம், “கதவைச் சாத்துங்க” என்றேன். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. மறுபடியும் என்னைப் பார்த்து, “யார டீச்சர் சொல்றீங்க?” என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மானம் போய், பழைய ‘டா’வுக்கே திரும்பிவிட்டேன்.

கோதண்டம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பின்னால திரும்பிப் பாத்தாருன்னா இன்னா அர்த்தங்க டீச்சர்? மரியாதைன்னா தனக்கு இல்ல, பின்னால யாருக்கோன்னு நெனச்சிருக்காரு. கொஞ்ச நாள் போனா திரும்பறத நிறுத்திடுவாருங்க. நீங்க நிறுத்திடாதீங்க” என்றார். மறுநாளே மீண்டும் ஆரம்பித்தேன். கோபம் வந்தால் ‘ங்க’ பறந்துவிடும், அது வேறு விஷயம். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

அவருடைய அறையிலும் ஒரு முறை இருந்தது. உள்ளே யார் வந்தாலும், பிள்ளையோ, பெற்றோரோ, மேலதிகாரியோ, முதல் கேள்வி “சாப்டீங்களா?” அடுத்தது, மூலையில் இருக்கும் மண்பானையிலிருந்து அவரே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுப்பார். பிறகு எதிரே நாற்காலியைக் காட்டுவார். வந்தவர் உட்காரும்வரை தானும் உட்கார மாட்டார். உட்கார்ந்த பிறகும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். வந்தவருக்கு மூச்சு சீராகிவிட்டது என்று தெரிந்ததும்தான் கண்ணாடி மூக்குக்கு ஏறும். கூரை ஓடுகளை உடைத்தவன், சண்டை போட்டு மூக்கில் ரத்தத்தோடு வந்தவன், எல்லோருக்கும் இதே மரியாதைதான். திட்டு வாங்க வந்த பையன் நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் டம்ளரோடு இருப்பான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொன்ன பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி ஜெயக்கொடிக்கும் ராமாயிக்கும் வருகிறேன்.

ஜெயக்கொடி உள்ளூர்க்காரி. அப்பா கலியபெருமாள், கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. சாதிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், ஊரில் நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். மகளுக்கோ வாய் ஓயாது. பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுவாள். நியாயம், அநியாயம் என்று எதைப் பார்த்தாலும் குறுக்கே விழுவாள். வகுப்பில் கோழி நுழைந்தால்கூட அதன் பக்கம் நின்று வாதாடுவாள்.

ராமாயி மலையிலிருந்து வந்து அரசு மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். வகுப்பில் ஜெயக்கொடியின் பக்கத்து இடம் அவளுடையது. கல்வராயன் மலை மக்களுக்கு மலையாளி என்றே பெயர், கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது தெரியாத ஓர் அதிகாரி ஒருமுறை பார்வையிட வந்து, “மலையாளத்துல ஏதாவது சொல்லும்மா” என்று அவளைக் கேட்டுவிட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. பொதுவாகவே அவள் வாயைத் திறப்பது குறைவு. விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். கையைத் தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்களே.

அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் இருந்த ஒரு நடைமுறையை இங்கே சொல்ல வேண்டும். உதவித்தொகைக்காக, எந்தப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை கணக்கு அனுப்ப வேண்டும். வகுப்பாசிரியர் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு, “பி.சி. எல்லாம் எழுந்து நில்லு” என்பார். கொத்தாக எழுந்திருப்பார்கள். எண்ணிக்கொண்டு, “உக்காரு” என்பார். அப்புறம் எஸ்.சி. அப்புறம் எஸ்.டி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நீளமான அரை மணி நேரம் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

எங்கள் வகுப்பில் எஸ்.டி. என்றால் ராமாயி ஒருத்திதான். அவள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கூப்பிடும் நேரம் பார்த்துப் பென்சிலைக் கீழே போட்டுவிடுவாள். எடுக்கக் குனிவாள். குனிந்தபடியே பாதி எழுந்து, எண்ணியாயிற்று என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். நின்றாள் என்றும் சொல்ல முடியாது, நிற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பையன்கள் பக்கமிருந்து “மலையேறு, மலையேறு” என்று ஒரு முணுமுணுப்பு வரும். நான் டஸ்டரால் மேசையைத் தட்டுவேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. போலீஸ் வேன் வருவதும் ஆட்களை ஏற்றிப்போவதுமாக இருந்தது. யார் பக்கம் நியாயம் என்று எழுத இங்கே நான் வரவில்லை. பெரிய கஷ்டங்களும் நடந்தன, அவற்றை அனுபவித்தவர்கள் எழுதட்டும். எனக்கு ஞாபகம் இருப்பது கோதண்டம் சாரும் சைக்கிளும்தான். மரம் விழுந்து கிடந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கப் பார்த்திருக்கிறார். மரத்தை வெட்டிப் போட்ட இளைஞர்களே ஓடி வந்து, “குடுங்க சார், நாங்க தூக்கறோம்” என்று அந்தப் பக்கம் இறக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் அவரிடம் படித்த பையன்கள். “நன்றிங்க” என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டார். பள்ளியில் அன்று ஆசிரியர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். விடுதிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ரோடு திறந்து, பள்ளி மறுபடி கூடியபோது வகுப்பின் முகமே மாறியிருந்தது. அதுவரை யார் எந்தப் பிரிவு என்று பெரிதாகக் கவலைப்படாத பிள்ளைகள், வீட்டில் கேட்ட பேச்சையெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கணக்குப் படிவமும் வந்தது.

“பி.சி. எழுந்து நில்லுங்க” என்றேன். பையன்கள் என்றுமில்லாத மிடுக்கோடு எழுந்தார்கள். ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாளோ என்று நினைத்து, கை விரலில் ஒன்று கூட்டிக்கொண்டேன். எஸ்.சி. பிள்ளைகளை எண்ணினேன். பிறகு, “எஸ்.டி.” என்றேன்.

வழக்கம்போல் ராமாயியின் பென்சில் விழுந்தது. அவள் குனிந்தாள். பக்கத்தில் ஜெயக்கொடி எழுந்து நின்றாள். ரெட்டைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு, கொடிமரம் மாதிரி விறைப்பாக நின்றாள்.

முன் பெஞ்சுக்காரர்கள்கூடத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

“ஏய், உனக்கு இன்னா பைத்தியமா? உக்காரு” என்றேன். பாருங்கள், ‘ங்க’ பறந்துவிட்டது.

“இல்ல டீச்சர். அவ ஒருத்தியே நின்னா அல்லாரும் அவளயே பாக்கறாங்க. ரெண்டு பேரா நின்னா யாரப் பாக்கறதுன்னு தெரியாது இல்ல? அதுமில்லாம, தனியா நின்னா காலு வலிக்கும் டீச்சர்.”

பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ராமாயி நிமிர்ந்துவிட்டாள். அதுவரை நான் கேட்டிராத குரலில், “நா உன்னக் கேட்டனா?” என்றாள்.

ஜெயக்கொடி திகைத்துப் போனாள். “உனக்காகத்தான்டி...”

“எனக்கு இன்னாத்துக்கு நீ நிக்கற? அது எங்க வூடு, எங்க மலை. உன்னுதா?”

பென்சிலை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க ஜெயக்கொடியின் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயக்கொடியும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவள் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும்.

கோதண்டம் சாரிடம் ஓடினேன். தண்ணீர் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கண்ணாடி துடைப்பதைப் பொறுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். “நல்லது செஞ்ச பொண்ண இவ இப்படி எறிஞ்சி பேசறாளே சார்” என்றேன்.

“ஜெயக்கொடி செஞ்சது நல்லதுதாங்க. ராமாயி கோவப்பட்டது அதவிட நல்லதுங்க. இத்தினி நாளு அவங்களுக்குக் கோவமே வரலியே, நீங்க கவனிக்கலியா? வெக்கம் மட்டும் இருந்தா குனிஞ்சிக்கினே இருப்பாங்க. இப்ப என்னுதுன்னு ஒண்ணு சொல்லிட்டாங்க. சமாதானம் பண்ணி வைக்கிறேன்னு அவசரப்பட்டு நடுவுல போயிடாதீங்க” என்றார்.

சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் விஷயம் சும்மா இருக்கவில்லை. பையன்கள் வாயிலிருந்து ஊருக்குள் போனது. மறுநாள் ஜெயக்கொடி பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கலியபெருமாள் வந்தார், மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு. அவள் பூப்போட்ட பாவாடை தாவணியில் இருந்தாள், சீருடையில் இல்லை. அதைப் பார்த்ததுமே, வகுப்புக்கு அனுப்ப வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“சாப்டீங்களா?” என்றார் கோதண்டம் சார்.

“சாப்பாடு கெடக்கட்டும் சார். டி.சி. குடுங்க.”

சார் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் வாங்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. ஆகவே சாரும் உட்காரவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் மேசைக்கு இரு பக்கமும் நின்றபடி முறைத்துக்கொண்டிருந்தார்கள். சார் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. இப்படியே எத்தனை நேரம் நிற்பார்கள் என்று எனக்கே கவலையாகிவிட்டது. கடைசியில் கலியபெருமாளுக்கு முட்டி வலி. உட்கார்ந்துவிட்டார். தண்ணீரையும் குடித்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரிய அசிங்கமாப் பூட்டுது சார்” என்று அவரே ஆரம்பித்தார். “எங்கள எண்ணு, எங்க தலைய எண்ணுன்னு நாங்க ரோட்டுல நின்னுக்கினு இருக்கறம். எம் பொண்ணு இங்க வந்து வேற கணக்குல நின்னிருக்கா. ‘இன்னா கலியபெருமாளு, உங்கள்ல ஒண்ணு கம்மி ஆயிட்டுதாமே’ன்னு டீக்கடையில கேக்கறானுங்க. எனுக்கு மூஞ்சி எங்க வச்சிக்கறது? படிச்ச வரைக்கும் போதும். எங்க அக்கா மவன் இருக்கான். தை பொறந்தா முடிச்சிடறன்.”

சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயக்கொடி தரையைப் பார்த்து நின்றாள். அவ்வளவு பேசுகிற பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. தையென்றால் சில மாதம்தான். பத்தாம் வகுப்பு என்று ஒன்று அவளுக்கு இருக்கப்போவதா இல்லையா என்பது அந்த அறையில் அன்றைக்குத் தீர்மானமாக வேண்டியிருந்தது.

“ஜெயக்கொடி, நீங்களும் உக்காருங்க” என்றார் சார், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு.

கலியபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. “அதுக்குப் போயி எதுக்கு சார் ங்க போடறீங்க?”

“உங்களுக்கும் போடறேன், அவங்களுக்கும் போடறேங்க. ஆளுக்கு ஒண்ணு வச்சிக்க எனக்கு ஞாபகம் பத்தாதுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பி, “டீச்சர், ராமாயிகிட்ட விஷயத்தைச் சொல்லுங்க. வரேன்னா வரட்டும், வேணாம்னா விட்டுடுங்க. கூட்டினு வராதீங்க” என்றார்.

வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவள் சீருடைத் தாவணியின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சரி, அவ்வளவுதான் என்று எழுந்து வந்துவிட்டேன். வராந்தாவில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பினால் ஓடிவிடுவாளோ என்று பயம்.

“வாங்க ராமாயி. உக்காருங்க” என்றார் சார்.

“இல்லீங்க சார். நா நிக்கறேன்.”

பென்சில் விழவில்லை. குனியவில்லை. கலியபெருமாளுக்கு நேர் எதிரே போய், இரண்டு கால்களையும் நன்றாக ஊன்றி நின்றாள்.

“ஐயா, அவ மலையாளி இல்லீங்க. நாந்தான் மலையாளி. இந்தக் கிளாஸ்ல நா ஒருத்திதான்” என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. “உங்க பொண்ணு மலையாளின்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. எங்க கோயில் திருநாளுக்கு வந்தப்ப மொத ஏத்தத்துலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டா. நாந்தான் அவ பைய தூக்கினு போனேன்.”

கலியபெருமாள் அவளை உற்றுப் பார்த்தார்.

“நீங்களும்தான் உக்காந்தீங்க ஐயா” என்றாள் ராமாயி. “எங்கப்பாதான் சொரைக் குடுக்கையில தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.”

ஜெயக்கொடியிடமிருந்து ‘க்கும்’ என்று ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கோதண்டம் சார் மும்முரமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் மீசையைத் தடவினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அட, நீ அந்த வூட்டுப் பொண்ணா? ஒங்கப்பன் தண்ணி மட்டுமா குடுத்தாரு? சாமை அரிசிச் சோறு ஆக்கிப் போட்டாரே! அன்னிக்கு நா எறங்கி வந்ததே பெரிய விஷயம்.” சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத்தினியூண்டு இருந்துக்கினு எப்படி நின்னு பேசுது பாருங்க சார்” என்றார்.

“எங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க” என்றார் சார். அவ்வளவுதான் சொன்னார். டி.சி.யைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது மட்டும் கலியபெருமாள் மகளிடம் விரலை ஆட்டினார். “இன்னொரு தபா எண்ணும்போது ஒழுங்கா நம்ம கணக்குல எழுந்து நில்லு. இன்னா?”

ஜெயக்கொடிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. “இன்னாத்துக்குப்பா எழுந்து நிக்கணும்? உக்காந்துக்கினே சொல்லக்கூடாதா?”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று சாயந்திரம் ஆசிரியர்களைக் கூப்பிட்டார். இனிமேல் கணக்கு எடுக்கும்போது யாரும் எழுந்து நிற்க வேண்டாம், ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட வேண்டும், சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, அவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்க வேண்டும், கேட்பதற்கு முன் “சாப்டீங்களா?” என்று கேட்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். அரை மணி நேர வேலை ஒரு வாரம் இழுக்கும் என்றார்கள். இழுக்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் எந்தப் பிள்ளை வீட்டில் யார் ஊருக்குப் பிழைக்கப் போயிருக்கிறார்கள், யாருக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது, எந்தப் பையன் குரல் உடைந்ததை நினைத்து வெட்கப்பட்டுப் பாடாமல் இருக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. பிறகு வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் அந்த நாற்காலியைப் போட்டேன். இப்போது எல்லாம் செல்போனில் ஏறிவிடுகிறது, யாரும் எழுந்திருக்கவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம் என்று நிவேதா சொன்னாள். நல்லதுதான். நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றேன்.

அந்தப் பெண்கள் இருவரும் உடனே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ராமாயி தன் பையை எடுத்துக்கொண்டு பழைய பெஞ்சுக்கு வந்தாள். நான் கரும்பலகையில் தவளை படம் வரைந்துகொண்டிருந்தேன், காது மட்டும் பின்னால் இருந்தது.

“இனிமே நா கேட்டா வா. கேக்காட்டி வராத” என்றாள் ராமாயி.

“கேப்பியா?”

“பாக்கலாம்.”

நிவேதாவுக்கும் அவள் வயது ஆசிரியர்களுக்கும் இதிலிருந்து என்ன சொல்வது? பிள்ளைகளுக்குத் தன்மதிப்பை நாம் ஊட்டுகிறோம் என்று அந்தத் திரையில் எழுதியிருந்தது. ஊட்டுவதற்கு அது சாதம் இல்லை. அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் அரை மணி நேரத்தில் கணக்கை முடிக்கிற அவசரத்தில் அதன்மேல் மிதித்துக்கொண்டு போகிறோம். காலை எடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. மீதி வேலை, அவர்கள் தாங்களாக வாயைத் திறக்கும்வரை நம் வாயை மூடிக்கொண்டிருப்பது. அதுதான் எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

என் பணி நிறைவு விழா கள்ளக்குறிச்சியில் நடந்தது. சாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி. கோதண்டம் சார் அப்போது இல்லை. இருந்திருந்தால் பந்தலில் எல்லோரும் உட்காரும்வரை நின்றுகொண்டிருப்பார். ஜெயக்கொடி சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறாள். அவள் பேரம் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்கிறார்கள். ராமாயி மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே பொட்டலத்திலிருந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சியைத் தொகுத்த இளம் ஓவிய ஆசிரியருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. உற்சாகமாக மைக்கில், “டீச்சரிடம் படித்த, கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் மாணவி யாராவது இருந்தால் கொஞ்சம் எழுந்து நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும்!” என்றார்.

மேடையில் எனக்குப் பகீரென்றது. ராமாயி முறுக்கை மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் எழுந்த அதே நொடியில், பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. நாற்பது வயது தாண்டிய ஜெயக்கொடி, பட்டுப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

ராமாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி ஜெயக்கொடியின் தோளை அழுத்தினாள். மைக் இல்லாமலே மேடை வரைக்கும் கேட்டது.

“நீ உக்காருடி. எனக்குக் காலு வலிக்கல.”

ஜெயக்கொடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, பந்தலில் வேறு யாருக்கும் முன்னால், அவள்தான் முதலில் கை தட்டினாள்.